பாறையில் ஏறாமல் போன் பேச

(மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பிரட்டுக்களத்துக்கு மேலே பாறையில் ஏறினால்தான் நமக்குப் போனில் இரண்டு கோடு வருகிறது. டவரின் அலை ஏறக்குறைய நேராகத்தான் வரும். குறுக்கே மலை நின்றால், நிழல் விழுகிற மாதிரி லயத்தில் சிக்னல் மறைந்துவிடும்.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது பாறையில் ஏறியும் பயனில்லை. கரண்ட் போனால் டவர் பெட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். ரோட்டோரக் கேபிளை மண்சரிவு அறுத்துவிட்டால், டவர் நின்றாலும் ஊமைதான். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்களே!

இதற்காகத்தான் டவரையும், ஆகாயத்தில் நிற்கும் பலூன், ஆளில்லா விமானங்களையும், செய்மதியையும் ஒரே வலையாகக் கட்டப் பார்க்கிறார்கள். டவர் விழுந்தால் 20 கிலோமீற்றர் உயரத்துப் பலூன், அதுவும் இல்லையென்றால் 500 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதி. போன் தானாகவே மாறிக்கொள்ள வேண்டும்.

பலூன் என்றதும் சிரிக்காதீங்க. 2016 பெப்ரவரியில் கூகுளின் அப்படிப்பட்ட பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே இறங்கிக் கிடந்தது, ஞாபகமிருக்கும். 2017இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் புயல் டவர்களைச் சாய்த்தபோது அந்த வகைப் பலூன்கள்தான் சாதாரணப் போன்களுக்குச் சிக்னல் கொடுத்தன. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் 2021இல் கைவிட்டுவிட்டார்கள்.

செய்மதி அப்படியில்லை, கிட்ட வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தொடங்கியது. அதற்குத் தட்டு வேண்டும், கரண்ட் வேண்டும், மாதாமாதம் காசு வேண்டும். நியூசிலாந்தில் 2024 டிசம்பர் முதல் சில வகைப் போன்களிலிருந்து தட்டு இல்லாமலே செய்மதிக்கு மெசேஜ் போகிறது. தொடங்கியபோது பேச்சு இல்லை, எழுத்து மட்டும்தான் இருந்தது. "எல்லாரும் பத்திரம்" என்று சொல்ல அது போதாதா?

வீட்டுக்கு வீடு தட்டு நம்ம சம்பளத்துக்குச் சரிவராது. தோட்டத்துக்கு ஒன்று, சோலார் பெட்டரியோடு பிள்ளைக்காம்பராவில் வைத்தால் ஆபத்து நேரத்தில் எல்லாருக்கும் உதவும். இதைத்தான் துரையிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

அது வரும்வரை, மழை இரவில் போன் அடிக்கும் என்று நம்பிப் படுத்திருக்க வேண்டாம். சுவர் வெடித்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நின்றாலோ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். சிக்னல் இருந்தால் 117க்கு அடியுங்கள். இல்லாவிட்டால் கோயில் மணி, தப்பு, எது கையில் இருக்கிறதோ அதை அடியுங்கள். லயத்துக்கு ஒருவர் அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிப் பெயரை என்னிடம் தாருங்கள்.