கேஸ் ஷீட்டில் தொடங்கும் ஆய்வு

 

இக்கருத்தரங்கில், பெரியவர்களுக்கு வரும் கடும் ஒவ்வாமையையும் திடீர் வீக்கத்தையும் பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். உயிரியல் மருந்துகள், மரபணு ஆய்வுகள் என்று நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். பழக்கத்தால் நாம் அன்றாடம் கொடுத்துவரும் சிகிச்சையை நாமே சோதித்துப் பார்த்திருக்கிறோமா?

கதண்டு கொட்டிய ஒருவரை ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மிவிட்டது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பல இடங்களில் கை முதலில் போவது ஹிஸ்டமினைத் தடுக்கும் ஒரு அவிலுக்கும், ஸ்டீராய்டான ஒரு டெக்ஸாவுக்கும். அட்ரினலின் ஆம்பூல் அதே டிரேயில்தான் இருக்கிறது. ஒரு மில்லியில் 1 மி.கி. மருந்து; அதில் அரை மில்லியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ‘இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற அச்சத்தில் அது கடைசி மருந்தாகிவிடுகிறது.

பிரிட்டனில், அனாஃபிலாக்சிஸ் எனப்படும் இத்தகைய கடும் ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பம்ஃப்ரி, 2000-இல் தம் கணக்கை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன இடைநிலை நேரம், மருத்துவமனையில் கொடுத்த மருந்தால் வந்த ஒவ்வாமையில் 5 நிமிடம், பூச்சி கொட்டியதில் 15, உணவில் 30. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் வரிசை எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனாலும் அனாஃபிலாக்சிஸ் வந்துவிட்ட நோயாளியிடம் அட்ரினலினை வெற்று மருந்தோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்த முடியாது. உயிர் போகும் நேரத்தில் அறம் அதை அனுமதிக்காது. அப்படியானால் இந்தத் துறையில் உறுதியான சான்றே கிடைக்காதா? கிடைக்கும். வழி காட்டியவர்கள் இலங்கை மருத்துவர்கள்.

அங்கே பாம்புக்கடிக்குப் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து போவது. மாமல்லபுரத்துக்கு அருகே, வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் நஞ்சு இந்திய விஷமுறிவு மருந்துகளுக்கு முக்கிய மூலப்பொருள். உயிர் காக்கும் அந்த மருந்துக்கே பலருக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது. வரும் என்று முன்கூட்டியே தெரிவதால், தடுப்பதைச் சோதிக்க முடிந்தது. டி சில்வா குழுவினர் 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. விஷமுறிவுக்கு முன் குறைந்த அளவு அட்ரினலின், அவிலைப் போன்ற புரோமெத்தசின், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமையை அட்ரினலின் 43 விழுக்காடு குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமல் போனது. பல்லாண்டுப் பழக்கம் ஒன்றை, பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், வார்டிலேயே வைத்துச் சோதித்துவிட்டார்கள். நம் பக்கத்து மண்ணில் நடந்த இந்த ஆய்வு நம் வகுப்பறைகளில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

அடுத்தது வீக்கம். அறுபது வயதுக்காரர் ஒருவர் காலையில் எழும்போது உதடு தடித்திருக்கிறது. அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. மதியத்துக்குள் நாக்கும் வீங்குகிறது. இதற்கு முன் இரண்டு முறை இப்படி ஆனபோது கத்தரிக்காயையும் கருவாட்டையும் விடச் சொல்லியிருக்கிறார்கள், விட்டுவிட்டார். அவர் விடாமல் சாப்பிட்டுவருவது எனலாப்ரில் மாத்திரை. ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரை என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த மாத்திரையின் கதை ஒரு பாம்பு நஞ்சில் தொடங்குகிறது. பிரேசிலில் ஒரு விரியன் வகைப் பாம்பின் நஞ்சை ஆராய்ந்தபோதுதான், 1949-இல், ரோஷா எ சில்வா குழுவினர் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். பின்னர் அதே நஞ்சில், பிராடிகைனின் சிதையாமல் காக்கும் பொருளை ஃபெரேரா பிரித்தெடுத்தார். அந்தப் பாதையில் வந்தவையே கேப்டோப்ரிலும் எனலாப்ரிலும். சிதையாமல் தேங்கும் பிராடிகைனினே இந்த வீக்கத்துக்குக் காரணம். ஹிஸ்டமின் இதில் இல்லை. ஆகவே அவிலும் ஸ்டீராய்டும் பயன் தருவதில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டும், மூச்சுப்பாதையைக் காக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் மூச்சு அடைக்கும் நிலையில் அட்ரினலினைப் போடத் தயங்கவும் கூடாது. குடும்பத்தில் வழிவழியாக வரும் சி1 தடுப்பான் என்ற புரதத்தின் குறைபாடும் இதே பிராடிகைனின் கதைதான். இளவயதிலிருந்தே வீக்கமும் வயிற்றுவலியுமாக அலைபவர்களுக்கு, சி4 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று வழி காட்டும்.

இங்கே ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்களால் வரும் வீக்கத்துக்கு, பிராடிகைனினைத் தடுக்கும் இகாடிபன்ட் கொடுத்தால், முழுதும் வடிய ஆகும் இடைநிலை நேரம் 27 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைகிறது என்று 2015-இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதில் இருந்தவர்கள் 27 பேர். 2017-இல் நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. விலை உயர்ந்த மருந்து. முதல் ஆய்வோடு நின்றிருந்தால் எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கி அதை வாங்கியிருக்கும்!

இத்தகைய ஐயங்களைத் தீர்க்கப் பெரிய ஆய்வுகள் வேண்டும்; அதற்கு எண்ணிக்கைதான் நம் பலம். நம் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கூட்டம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் நம் கேஸ் ஷீட்டில் ‘அலர்ஜி, மருந்து கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரிதான் இருக்கிறது. அதை வைத்து எந்த ஆய்வும் எழுத முடியாது.

ஆகவே கலையும் முன் ஒரு பொதுப் படிவத்தை நாம் ஏற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அறிகுறி தொடங்கிய நேரம். அட்ரினலின் போட்ட நேரம், அளவு, இடம். நோயாளி படுத்திருந்தாரா, எழுந்து உட்கார வைக்கப்பட்டாரா. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். வசதி உள்ள இடங்களில், அறிகுறி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்த டிரிப்டேஸ் அளவும், குணமாகி 24 மணி நேரம் கழித்து எடுத்த அளவும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதை நிரப்பப்போகும் பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். படிவத்தின் வரைவை அவர்களே எழுதட்டும். மூத்தவர்கள் நாளை மாலை அமர்வில் அதைத் திருத்தி நிறைவேற்றித் தாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.