டிராக்டருக்கு வெந்நீர் எல்போ மாற்றும்போது
(வானொலிப் பேச்சு)



சம்பாவுக்குச் சேற்றுழவு நடக்கிற நேரத்தில் டிராக்டர் சூடேறி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். வாடகை வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இந்தச் சங்கடத்தை உண்டாக்கக்கூடிய ஒரு சின்ன உருப்படியைப் பற்றி இன்று பேசலாம். அதுதான் என்ஜினிலிருந்து வெந்நீர் வெளியே வருகிற எல்போவும், அதில் மாட்டுகிற மேல் ஓஸும்.

என்ஜினில் எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் ரேடியேட்டருக்குச் சுமந்து போக வேண்டும். அவ்வளவு சூட்டுக்கும் வாசல் இந்த எல்போ. சில கார்களில் இந்த வாசல், காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருக்கும். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்கு மேலே இருக்கும். எங்கே இருந்தாலும் மாட்டுகிற முறை ஒன்றுதான்.

பழைய எல்போ அரித்துப் போனால் கம்பெனி உருப்படி கிடைக்காமல் கடையில் வேறு ஒன்றை வாங்குகிறோம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி சரியா? ஓஸ் மாட்டும் வாயின் பருமன் அதேதானா? வாயின் முனையில் ஓஸ் நழுவாதபடி மேடான விளிம்பு இருக்கிறதா? வெப்பமானி முனைக்கும் பைபாஸ் ஓஸுக்கும் பழையதில் துளை இருந்தால் புதியதிலும் இருக்கிறதா? "துளை இல்லையே, அடைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லேத் பட்டறையில் துளையிட்டு மரை வெட்டி, பித்தளை நிப்பிள் போட்டுத் தருவார்கள். சுவர் கனம் குறைவான எல்போவாக இருந்தால் மரை பிடிக்காது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி மாட்டும் முறை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீரை வடித்தபின், ஹெட்டின் துளையில் துணியைச் செருகிக்கொண்டு பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுங்கள். புதிய எல்போவின் முகம் சமமாக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தால் சமமாகிவிடும்.

தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குப்பி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். அதில் சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேலே வர வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க?" என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசலும் வீண், தேய்மானமும் அதிகம். கேஸ்கட்டை வைத்து, இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் முடுக்கி, பிறகு இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஸ்பேனர் போடுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் அலுமினியக் காது உடைந்துவிடும்.

ஓஸை விளிம்பு தாண்டி உள்ளே தள்ளி, விளிம்புக்கு உட்புறமாகக் கிளிப் போட வேண்டும். கட்டுக்கம்பி வேண்டாம், அது ரப்பரை அறுத்துவிடும். வளைவு பொருந்தாத ஓஸை மடக்கி மாட்டினால் மடிப்பில் தண்ணீர் தடைபடும். ஃபேன் பெல்ட்டிலும் சைலன்சர் குழாயிலும் ஓஸ் உரசக் கூடாது.

மாட்டியாச்சு, இனி எந்தத் தண்ணீர் ஊற்றுவது? திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் பக்கத்து விவசாயிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடலோரக் கிணற்று நீரில் உப்பு ஏறுவது நமக்குத் தெரிந்ததே. இரும்பு ஹெட்டும் அலுமினிய எல்போவும் உப்பு நீரில் சேர்ந்திருந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம்தான். ஓஸ் மூடியிருக்கிற இடத்தில் அரிப்பு வெளியே தெரியாது. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். 1983-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலையம் அது. கடல்நீர் தனிக் குழாய்களில் ஓடி நீராவியைக் குளிர்விக்கிறது. உலைக்குள் சுற்றுவது வேறு, அது கனநீர். இரண்டும் கலக்க விடுவதில்லை. கடலோரத்தில் அவ்வளவு பெரிய நிலையத்துக்கு உள்ள விதிதான் உங்கள் டிராக்டருக்கும்.

ஆகவே கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில், டப்பாவில் சொன்ன அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். அதிலுள்ள மருந்து அரிப்பைத் தடுக்கும். அவசரத்துக்கு மழைநீர் பரவாயில்லை. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், கடல் காற்றின் உப்பு அதில் இருக்கும். அடுத்த மழையைப் பிடித்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பல கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் தரையில் விடாதீர்கள். மாடும் நாயும் குழந்தையும் வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, மூடியைத் திறந்தபடியே என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். காற்றுக் குமிழ் வந்து அடங்கியபின் தண்ணீரை நிரப்பி மூடுங்கள். எல்போ மேட்டில் இருப்பதால் காற்று அங்கேதான் தங்கும். வெப்பமானி முனை தண்ணீரில் படாவிட்டால், என்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் பச்சையிலேயே நிற்கும். ஒரு மணி நேரம் உழுது, ஆறவிட்டு, கிளிப்பையும் தண்ணீர் மட்டத்தையும் மறுபடி பாருங்கள். எஞ்சின் ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே தண்ணீர் கசிகிறது என்று பொருள்.

எல்போவுக்கும் ஓஸுக்கும் ஆகிற செலவு கொஞ்சம். ஹெட் வெடித்தால் ஒரு போகத்து லாபம் பட்டறைக்குப் போய்விடும். உழவு தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.