வேலை தெரியும், விவரம் தெரியாது!

(கூட்டமைப்பின் மார்கழி மாதக் கூட்டத்தில், காய்கறித் தோட்டப் பயிற்சி முடித்த குழுவினர் பேசியது)



போன ஆடி மாசம் எங்கள் குழுவில் 8 பேர், வேளாண் அறிவியல் நிலையத்தில் 3 நாள் வீட்டுத் தோட்டப் பயிற்சிக்குப் போய் வந்தோம். கிளம்பும்போது வீட்டில் ஒரே சிரிப்பு. "பிறந்ததுல இருந்து காட்டுலயே கிடக்கிறீங்க, உங்களுக்கு என்ன பாடம்?" என்றார்கள். 3 நாள் கூலி போகுதே என்று எங்களுக்கும் மனசு அடித்துக்கொண்டது. பஸ் செலவைக் குழுவிலிருந்து கொடுப்பதாகத் தீர்மானம் எழுதிய பிறகுதான் துணிந்தோம்.

அதற்கு முந்தின வருஷம் விதை பாக்கெட் வாங்கிக் கொல்லையில் போட்டிருந்தோம். மிளகாய் விதையை ஒரு விரல் ஆழத்துக்குப் புதைத்தோம். ஈரச் சாணியை அப்படியே அள்ளிக் கொட்டினோம். முளைத்ததே நாலஞ்சு, அதுவும் கருகிப் போச்சு. மண்ணு சரியில்லை என்று விட்டுவிட்டோம்.

பயிற்சியில் முதல் நாளே கேட்டார்கள்: விதை எவ்வளவு ஆழம்? நாற்று எத்தனை நாளில் பிடுங்கலாம்? எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. நாற்று நட்டிருக்கிறோம், களை எடுத்திருக்கிறோம், அறுத்திருக்கிறோம். ஆனால் எந்த விதை, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்தது வேறொருத்தர். சொன்னதைச் செய்தோம், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் இது உறைத்தது.

நாங்கள் கற்றுக்கொண்டதில் சில:

1. விதையின் பருமனைப் போல 2, 3 மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, லேசாக மண் மூடினால் போதும்.

2. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டுத்தான் நடணும். தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 முதல் 45 நாள். சாயங்காலம் நட்டால் வாடாது. வெண்டை, கொத்தவரை, சுரை, பூசணிக்கு நேரடி விதைப்பு.

3. ஈரச் சாணி செடியைச் சுட்டுவிடும். நன்றாக மக்கிய தொழு உரம்தான் போடணும். இடம் இல்லாதவர்கள் சாக்கில் வளர்க்கலாம்: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, தொழு உரம் 1 பங்கு. அடியில் ஓட்டை போட மறக்கக் கூடாது.

4. பூச்சிக்கு, வேப்பங்கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் கட்டி, ராத்திரி ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கணும். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கணும்.

5. பெரியகுளம் 1 முருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும்.

வந்ததும் 8 வீட்டிலும் பாத்தி போட்டோம். 2 வீட்டில் தேறவில்லை. ஒரு வீட்டில் ஆடு மேய்ந்துவிட்டது, இன்னொரு வீட்டில் தண்ணீர் பற்றவில்லை. முதலில் வேலி, பிறகுதான் விதை என்பதை அதில் படித்தோம். மற்ற 6 வீட்டில் 45 நாள் வாக்கில் வெண்டை காய்க்க ஆரம்பித்தது. சந்தையில் இப்போது வெங்காயம், உருளைக்கிழங்கோடு திரும்பிவிடுகிறோம். சொந்த இடமே இல்லாத ஒரு சகோதரி, அரிசிச் சாக்கில் கத்தரி பறிக்கிறார். அன்றைக்குச் சிரித்த அவர் வீட்டுக்காரரே, "மிளகாய் நாத்த எப்ப பிடுங்கலாம்?" என்று அவரிடம் கேட்கிறார்.

இந்த மாதிரி நிலையம் நாட்டிலேயே முதன்முதலாக 1974-ல் நம்ம பக்கத்துப் புதுச்சேரியில்தான் ஆரம்பித்தார்களாம். இத்தனை வருஷம் நாம் போய்க் கேட்கவில்லையே என்றுதான் வருத்தம். தைப்பட்டம் வருகிறது. பயிற்சிக்குப் போக விருப்பம் உள்ளவர்கள் இன்றைக்கே உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். நாங்கள் எடுத்து வைத்த வெண்டை, கீரை விதை கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி வாங்கிக்கொண்டு போங்கள்.