விண்வெளி வணிகமும் அறமும்



இந்து வாலிபர் மேடையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் சிலர் நினைக்கலாம். ஏணியைப் புண்ணியமாகவும் பாம்பைப் பாவமாகவும் வைத்துப் பரமபதம் ஆடியவர்கள் நம் முன்னோர். விளையாட்டில் அறத்தைத் தேடுவது நமக்குப் புதிதன்று.

1984 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் மாணவர்களான டேவிட் பிறேபன், ஐயன் பெல் என்னும் இருவர் ‘எலீற்’ என்ற விளையாட்டை ஆக்கினர். அதற்கென அமைந்த பீபீசீ மைக்றோ கணினியின் நினைவகம் 32 கிலோபைற் மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் படமொன்றுக்கும் அது போதாது. அதற்குள்ளே 8 அண்டங்களை, அண்டத்துக்கு 256 உலகங்களாக அடக்கினர். உலகங்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கவில்லை. சில எண்களை வித்தாக இட்டு, கணித விதியால் வேண்டும்போது முளைக்கச் செய்தனர். சிறிய ஆலம்வித்துக்குள் பெரிய மரம் அடங்கியிருப்பது போலத்தான்.

ஆடுபவனுக்கு ஒரு விண்கப்பலும் 100 கிரெடிற் பணமும் கிடைக்கும். ஓர் உலகில் மலிவாக வாங்கி, மற்றோர் உலகில் விற்கவேண்டும். உணவும் துணியும் விற்கலாம். போதைப்பொருளும் ஆயுதமும் அடிமைகளும்கூட விற்கலாம். அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் குற்றவாளி என்று பெயர் பதியும், பொலிஸ் கப்பல் துரத்தும். ஆயினும் வாங்காதே என்று கையைப் பிடிப்பார் எவருமில்லை. பரமபதத்தில் தாயம் நம்மை நகர்த்துகிறது. இங்கே நமது தெரிவே நம்மை நகர்த்துகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். உடைந்த கப்பலிலிருந்து சிறு கூட்டில் தப்பி மிதக்கும் மனிதனை அள்ளியெடுத்தால், சரக்குப் பட்டியலில் அவன் ‘அடிமை’ என்றே ஏறுகிறான்! காப்பாற்றப்பட்டவன் என எழுத அங்கே இடமில்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் மூடியபோது, தத்தளித்தவர்களைக் கரையேற்றியவர்கள் அவர்களை எந்தச் சரக்குப் பட்டியலில் எழுதினார்கள்? சாதி கேட்டார்களா? சமயம் கேட்டார்களா? விலைதான் பேசினார்களா?

பெரியோர்களே, விளையாடும் பிள்ளையை ஏசுமுன் அருகில் அமர்ந்து, “தம்பி, இன்று என்ன விற்றாய்?” என்று கேளுங்கள். அங்கிருந்து அறத்தைப் பேசலாம். வாலிபர்களே, ஆடுவதோடு நில்லாது அந்தக் கணிதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். வசதி குறைவென்று சோராதீர்கள். அவர்களுக்கு 32 கிலோபைற்றே இருந்தது. நீங்கள் ஆக்கும் விளையாட்டில், மீட்கப்பட்ட மனிதனை மனிதனென்றே எழுத ஓரிடம் வையுங்கள்.