வங்கியின் பிழைக்கு உழவன் வட்டி கட்டுவதா?



நெல் விற்ற பணத்தை உழவரொருவர் நடைமுறைக் கணக்கில் இடுகிறார். எழுதுவினைஞரின் கவனக்குறைவால் அது பிறர் கணக்கிற் சேர்கிறது. பசளை வணிகருக்கு அவர் கொடுத்த காசோலை செல்லுபடியாகிறது. ஆனால், எடுக்காத மேலதிகப் பற்றுக்கு வட்டி அறவிடப்படுகிறது! அடுத்த காசோலையோ திரும்பியே விடுகிறது. முறையிட்டால், ‘நாளை வாருங்கள்’ என்பதே விடை.

பணமில்லையெனத் தெரிந்தே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் குற்றமாக்கியது. பணமிருந்தும் திருப்பிய வங்கிக்கு? மார்செட்டி எதிர் வில்லியம்ஸ் வழக்கிலே, நட்டத்தை நிரூபிக்காத வணிகருக்கும் வங்கி பொறுப்பாளியென இங்கிலாந்து நீதிமன்றம் 1830இலேயே தீர்த்தது. நம்மூர் முகாமையாளர்கள் அதனைப் படித்திலர் போலும்!

ஆகவே, கருமபீடத்தில் வாய்ச்சண்டை வேண்டாம். வைப்புச் சீட்டின் பிரதியை இணைத்து, எழுத்தில், தமிழிலேயே முறையிடுவோம். தீராவிடின் நிதி ஒம்புட்ஸ்மனிடம் செல்வோம். அம்மனுக்களை எழுதித்தர நாம் ஆயத்தமாயுள்ளோம்.