டர்போ காடிக்குக் குளிர்காற்றுக் குழாய்



தீபாவளிச் சாமான் வாங்க நம் தோட்டத்து மக்கள் பஸ் ஏறி மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்த காலம் உண்டு. இன்று பிள்ளைகள் தங்கள் காடியிலேயே தாய் தந்தையரை அழைத்து வருகிறார்கள். 2012-இல் வந்த புரோட்டோன் பிரிவேயின் டர்போ வகை, 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா போன்றவற்றை வாங்கும் இளைஞர் சிலருக்கு, 'கோல்ட் ஏர் இன்டேக்' எனப்படும் குளிர்காற்றுக் குழாயை மாட்டிப் பார்க்கும் ஆசை வருகிறது. அதில் உள்ள நன்மை என்ன, ஆபத்து என்ன என்பதை இன்று பார்ப்போம்.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனையிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அது நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. ஒரு சிறு திருகாணி உள்ளே போனாலும் அதன் இறக்கைகள் சிதைந்துவிடும்.

காற்றின் சூடு 10 பாகை குறைந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு கூடும். குளிர்காற்றைத் தேடுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் டர்போ அழுத்தும்போது காற்று மீண்டும் சூடேறுகிறது. அதைத் தணிக்க இன்டர்கூலர் இருக்கிறது. தொழிற்சாலை வைத்த குழாயும் பெரும்பாலும் முன்பக்கத்து வெளிக்காற்றையே இழுக்கிறது. எனவே கிடைக்கும் இலாபம் சிறிதுதான். ஓசை கூடுவதையே பலர் வேகம் கூடியதாக எண்ணிக்கொள்கிறார்கள்!

மாட்டத்தான் வேண்டுமென்றால், உங்கள் காடிக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். டர்போவின் வாயைச் சுத்தமான பெரிய துணியால் மூடுங்கள். புதுக் குழாயை மாட்டுமுன் அதை மறவாமல் எடுத்துவிடுங்கள். பழைய குழாயில் இணைந்திருந்த சிறு ஹோஸ்கள் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். காற்றை அளக்கும் சென்சார் இருந்தால், அதன் அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். குழாய் பெல்ட்டிலோ விசிறியிலோ உரசக் கூடாது.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் காடிக்கு இன்னொரு கவலையும் உண்டு. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையே ஒரு கிளாம்பு தளர்ந்திருந்தாலும், வடிகட்டப்படாத புழுதி உள்ளே போய் இறக்கைகளையும் சிலிண்டரையும் அரித்துவிடும். ஒரு வாரம் ஓட்டியபின் எல்லாக் கிளாம்புகளையும் மீண்டும் சரிபாருங்கள். எண்ணெய் தடவும் வடிகட்டியானால், எண்ணெய் மிகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அது சென்சாரில் படிந்து கோளாறு செய்யும்.

காடியில் செய்யும் மாற்றங்களை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்குமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாம் அஞ்ச வேண்டியது தண்ணீர். சில குழாய்களின் வடிகட்டி, பம்பருக்குப் பின்னால், தரைக்கு அருகில் தொங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அது ஏற்றதல்ல. மஸ்ஜித் இந்தியா, கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் பெருவெள்ளத்தைக் கண்டது. 2007-இல் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்ட பின்பும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் காடிகளும் மூழ்கின. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், மேலேறும் பிஸ்டன் அதில் முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். பிறகு சில நூறு வெள்ளிக் குழாய்க்காக ஒரு என்ஜினையே மாற்ற வேண்டிவரும். ஆகவே வடிகட்டி பழைய பெட்டி இருந்த உயரத்திலேயே, மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். கழற்றிய பழைய பெட்டியையும் வீசிவிடாதீர்கள்.

வெள்ளத்தில் காடி நின்றுவிட்டால், "இன்னும் ஒரு முறை பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் ஆட்கள் இறங்கி மேட்டுக்குப் போங்கள். தண்ணீர் வடிந்தபின் காடியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். அங்கே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே தண்ணீர் இல்லையென்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம்.