33 கிண்ணங்கள் போதுமா?

சிலாங்கூர் காற்பந்து ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது ஓர் எண்தான். மலேசியக் கிண்ணம் 33 முறை! கோல் காவலர் ஆறுமுகத்தின் நீண்ட கைகளும் மொக்தார் டஹாரியின் உதையும் பின்னாலேயே வரும். பெருமைதான், மறுப்பில்லை. ஆனால், அந்த 33ஆவது கிண்ணம் கிடைத்தது 2015இல். லீக் பட்டம் வென்றதோ 2010இல்.

2014 முதல் 2025 வரை லீக் பட்டம் ஒருமுறைகூட ஜொகூர் டாருல் தாக்சிமை விட்டு நகரவில்லை. பணபலம் என்பார் ரசிகர். பணம் மட்டுமா? 2020இல் அங்கே புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 80,000 பேர் அமரக் கட்டிய ஷா ஆலாம் அரங்கமோ பழுதடைந்து, 2024இல் இடிபடத் தொடங்கியது.

ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல ரசிகருக்கு மனம் வருவதில்லை. பைசால் ஹாலிமைப் பாருங்கள். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டார், ஆட்டம் 3-3. மே மாதம் அமில வீச்சுக்கு ஆளாகிக் கடுமையான தீக்காயம். அதே ஆண்டிலேயே மீண்டும் திடலில் இறங்கினார். அந்தப் பிடிவாதத்தில் பாதியாவது நிர்வாகத்துக்கு வேண்டாமா என்பதுதான் ரசிகரின் ஆதங்கம்.

2023இலும் 2024-25இலும் சிலாங்கூருக்கு இரண்டாம் இடம். முன்னேற்றம்தானே என்கிறார்கள் சிலர். ரசிகருக்கு அது போதவில்லை. அவர் இறக்குமதி நட்சத்திரம் கேட்கவில்லை. பள்ளித் திடல்களில் ஓடும் பையன்களில் எத்தனை பேர் முதல் குழுவுக்கு வருவார்கள், லீக் பட்டம் எந்த ஆண்டில் என்று நேரான பதில் கேட்கிறார்.